கூட்டத்தில் பேச்சு புரிய எது உதவும்: இருக்கையா, இயர்பட்ஸா, காதுக் கருவியா, தனி மைக்கா?

அமைதியான அறையில் ஒருவர் பேசினால் எல்லாம் தெளிவாகக் கேட்கிறது. அதே ஆள் எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கும் மேஜையில் பேசினால் சத்தம் மட்டும்தான் கேட்கிறது, சொல் பிடிபடுவதில்லை. தலையை ஆட்டிச் சிரித்துச் சமாளித்துவிட்டு, களைத்துப்போய் வீடு திரும்புகிறவர்கள் நிறையப் பேர். கொஞ்ச நாளில் கூட்டத்துக்குப் போவதையே குறைத்துக்கொள்கிறார்கள். தீர்வு தேட ஆரம்பித்தால் ஆளுக்கொரு யோசனை வரும். இரைச்சலை அடக்கும் இயர்பட்ஸ் வாங்கு என்பார் ஒருவர், காது கேட்கும் கருவி மாட்டிக்கொள் என்பார் இன்னொருவர். பேசுகிறவர் சட்டையில் குத்தும் மைக், காதுக்குப் பயிற்சி தரும் ஆப் என்று பட்டியல் நீளும். ஒன்றும் வேண்டாம், இடம் மாறி உட்கார்ந்தால் போதும் என்பவர்களும் உண்டு.

ஐந்தும் உதவக்கூடியவைதான், ஆனால் ஒவ்வொன்றும் உதவும் இடம் வேறு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேச்சை இரைச்சலிலிருந்து பிரிப்பது கடைசிவரை மூளையின் வேலை. எந்தக் கருவியும் அதை முழுக்க ஏற்றுக்கொள்வதில்லை. ஆகவே பணத்தை எடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியது இதுதான்: உங்கள் மூளைக்குக் கிடைக்காமல் போன துப்பு எது, வாங்கப்போவது அதைத் திருப்பித் தருமா?

மூளை எதை வைத்துப் பிரிக்கிறது

ஓர் அறையில் இருக்கும் எல்லா ஒலியும், நண்பரின் குரல், பக்கத்து மேஜைச் சிரிப்பு, மின்விசிறி, பாத்திரச் சத்தம் எல்லாம், செவிப்பறையை அடையும்போது ஒரே அதிர்வாகக் கலந்துவிடுகின்றன. உட்காதில் இருக்கும் காக்லியா அந்தக் கலவையை அதிர்வெண் வாரியாகப் பிரிக்கிறது. ஒரு காதில் இந்தத் தகவலை மூளைக்கு அனுப்பும் உள் மயிர்ச்செல்கள் சுமார் 3,500தான். எந்தத் துண்டு யாருடையது என்பது அந்தச் செல்களுக்குத் தெரியாது. துண்டுகளைச் சேர்த்து ‘இது ஒரு குரல், அது இன்னொரு குரல்’ என்று முடிவு செய்வது மூளை.

அதற்கு மூளை பயன்படுத்தும் விதிகள் ஆச்சரியமான அளவுக்கு எளிமையானவை. ஒரே நொடியில் தொடங்கி ஒரே நொடியில் நிற்கும் துண்டுகள் ஒரே மூலத்திலிருந்து வந்திருக்கும். ஒரு குரலின் அடிப்படை அதிர்வெண் 120 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 120 அதிர்வு) என்றால் 240, 360, 480 என்று அதன் மடங்குகளெல்லாம் அதே தொண்டையிலிருந்து வந்தவை. பக்கத்தில் 210 ஹெர்ட்ஸில் பேசுகிறவரின் 420, 630 இன்னொரு கூட்டம். இரண்டு குரல்களின் சுருதி விலகியிருக்க விலகியிருக்கப் பிரிப்பது சுலபமாகிறது. மனித உளவியலில் இந்தக் குழுப்படுத்தலை விரிவாக ஆராய்ந்து 1990-ல் ஒரு பெரிய நூலாகவே எழுதியவர் மெக்கில் பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் பிரெக்மன்.

அடுத்த துப்பு திசை. வலப்பக்கத்திலிருந்து வரும் ஒலி இடது காதை அடைய அதிகபட்சம் ஒரு மில்லிசெகண்டில் முக்கால் பங்குக்கும் குறைவான நேரம்தான் தாமதமாகும். நல்ல காதுகள் உள்ளவர் அதில் பத்து மைக்ரோசெகண்ட் வித்தியாசத்தைக்கூடக் கண்டுபிடிப்பார். உச்ச அதிர்வெண்களில் தலையே ஒரு மறைப்பாகி, தூரத்துக் காதில் ஒலி 20 டெசிபல் வரை குறைகிறது. தாழ்ந்த ஒலிக்கு நேர வித்தியாசம், உயர்ந்த ஒலிக்கு அளவு வித்தியாசம் என்று ராலே பிரபு 1907-ல் சொன்னது இன்றும் பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. இதில் முக்கியமானது, இந்தக் கணக்கு முழுவதும் இரண்டு காதுகளையும் ஒப்பிட்டு நடக்கிறது என்பது. கூட்டத்தில் ஒரு காதை விரலால் அழுத்தி மூடிப் பாருங்கள். சத்தம் குறைவதைவிட, குரல்கள் எல்லாம் ஒரே குவியலாகிப்போவதுதான் முதலில் உறைக்கும்.

அப்புறம் கவனம். 1953-ல் காலின் செர்ரி, ஹெட்போனில் ஒரு காதுக்கு ஒரு செய்தியும் மறு காதுக்கு வேறொன்றும் ஒலிக்கவிட்டு, ஒன்றை மட்டும் உடனுக்குடன் திருப்பிச் சொல்லச் சொன்னார். மறு காதில் குரல் ஆணிலிருந்து பெண்ணுக்கு மாறியதைக் கவனித்தார்கள். ஆங்கிலம் ஜெர்மனாக மாறியதைக் கவனிக்கவில்லை. கவனிக்காத காது முழுக்கச் செவிடாகிவிடுவதும் இல்லை. 1959-ல் நெவில் மோரே செய்த சோதனையில் சுமார் மூன்றில் ஒருவர் அந்தக் காதில் வந்த தன் பெயரைப் பிடித்துவிட்டார். 2012-ல் நிமா மெஸ்கரானியும் எட்வர்ட் சாங்கும் வலிப்பு நோய்ச் சிகிச்சைக்காக மூளைமேல் மின்முனைகள் வைக்கப்பட்டவர்களுக்கு இரண்டு குரல்களைக் கலந்து கேட்கவைத்தார்கள். ஒலியை அறியும் மூளைப் பகுதியான செவிப்புலப் புறணியில் பதிவானது, கவனித்த குரல் மட்டும் தனியாக ஒலித்தால் எப்படி இருக்குமோ கிட்டத்தட்ட அப்படியே இருந்தது.

மூளை விட்டுப்போனதையும் நிரப்பிக்கொள்ளும். ஒரு வாக்கியத்தில் ஓர் எழுத்தின் ஒலியை வெட்டிவிட்டு அங்கே இருமலை ஒட்டினார் ரிச்சர்ட் வாரன், 1970-ல். கேட்டவர்களுக்குச் சொல் முழுசாகவே கேட்டது, இருமல் எந்த இடத்தில் வந்தது என்றுகூடச் சரியாகச் சொல்ல முடியவில்லை. இரைச்சல் ஒரு கணம் தாழும் இடைவெளிகளில் கிடைக்கும் துணுக்குகளை வைத்து மூளை மீதியை இப்படித்தான் ஊகிக்கிறது. தெரிந்த மொழி, தெரிந்த விஷயம் என்றால் ஊகம் சரியாக விழும். இரண்டாம் மொழியில் கேட்கும்போது இரைச்சல் இரட்டிப்பாகப் படுத்துவதற்குக் காரணம் இதுவே.

எங்கே கெடுகிறது என்றும் பார்த்துவிடலாம். வயதாலோ சத்தத்தாலோ மயிர்ச்செல்கள் போனால் மீண்டும் முளைப்பதில்லை. முதலில் போவது உயர் அதிர்வெண். ‘ஸ்’, ‘ஃப்’, ‘த்’ போன்ற மெல்லிய மெய்யொலிகள் அங்கேதான் இருக்கின்றன. உயிரெழுத்து கேட்கும், சொல்லின் விளிம்பு கேட்காது. கூடவே காக்லியாவின் அதிர்வெண் பிரிப்பும் மழுங்குவதால், அடுத்தடுத்த ஒலிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. 2009-ல் குஜாவாவும் லிபர்மனும் எலிகளில் இன்னொன்றைக் காட்டினார்கள்: பலத்த சத்தத்துக்குப் பிறகு கேட்கும் அளவு பழைய நிலைக்குத் திரும்பினாலும், மயிர்ச்செல்லுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகளில் பாதி வரை போயே போய்விட்டது. ஆடியோகிராம் (எந்த அதிர்வெண் எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம்) சாதாரணமாக இருந்தும் கூட்டத்தில் திணறுகிற மனிதர்களுக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

ஆகவே எதையும் வாங்குவதற்கு முன், செவித்திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்டிடம் பீப் ஒலிச் சோதனையோடு நிறுத்தாமல், இரைச்சலுக்கு நடுவே வாக்கியங்களைத் திருப்பிச் சொல்லும் சோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். அது சில நிமிட வேலை. உங்கள் புகாரை நேரடியாக அளப்பது அது ஒன்றுதான்.

எல்லா வழிக்கும் பொதுவான அளவுகோல்

பேச்சு 65 டெசிபல், இரைச்சல் 60 என்றால் பேச்சு 5 டெசிபல் மேலே நிற்கிறது. இந்த வித்தியாசம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. நல்ல காதுகள் உள்ளவர், இரைச்சல் பேச்சைவிடச் சில டெசிபல் கூடுதலாக இருந்தாலும் வாக்கியத்தில் பாதியைப் பிடித்துவிடுவார். காது பழுதானவருக்குப் பேச்சு மேலே நிற்க வேண்டும். புரிந்தும் புரியாமலும் இருக்கும் அந்த எல்லையில் ஒவ்வொரு டெசிபலுக்கும் ஏறத்தாழ 10 சதவீதச் சொற்கள் கூடும் அல்லது குறையும். 3 டெசிபல் என்பது விளம்பரத்தில் அற்பமாகத் தெரியலாம். மேஜையில் அது பேச்சில் கலந்துகொள்வதா, ஒதுங்கி உட்காருவதா என்பதைத் தீர்மானிக்கும்.

இருக்கையும் முகமும்

காசில்லாத வழி என்பதாலேயே இதை யாரும் மதிப்பதில்லை. திறந்த வெளியில் தூரம் பாதியானால் குரல் 6 டெசிபல் கூடும். எதிரொலிக்கும் அறையில் தள்ளி உட்கார்ந்தவருக்கு இந்தக் கணக்கு முழுசாகப் பலிக்காது. அதனால்தான் ‘கொஞ்சம் கிட்ட’ போதாது, கைக்கெட்டும் தூரத்துக்கே போக வேண்டும். முகம் தெரிவது இன்னும் பெரிய விஷயம். பலத்த இரைச்சலில் பேசுகிறவரின் வாயைப் பார்ப்பது எவ்வளவு கைகொடுக்கிறது என்று 1954-லேயே சம்பியும் பொல்லாக்கும் அளந்து காட்டினார்கள். இரைச்சல் ஏற ஏற முகத்தின் பங்கும் ஏறியது. காதில் தொலையும் மெல்லிய மெய்யொலிகளில் சில உதட்டில் அப்பட்டமாகத் தெரிபவை என்பதால் இந்த இரண்டும் ஒன்றை ஒன்று நிரப்புகின்றன. பேசுகிறவரின் முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தவரின் உதட்டைப் படிக்க முடியாது.

ஓர் எச்சரிக்கை. ‘சுவருக்கு முதுகு காட்டி உட்கார்’ என்ற அறிவுரை வெறும் காதோடு இருப்பவருக்கு நல்லது. முன்பக்க ஒலியைப் பிடிக்கும் மைக் உள்ள கருவி அணிந்தவருக்கு அது நேர் எதிராகப் போய்விடும். அவருக்குப் பேசுகிறவர் முன்னாலும், கூட்டம் முதுகுக்குப் பின்னாலும் இருக்க வேண்டும். கருவி வாங்கிய பிறகும் பழைய நாற்காலியிலேயே உட்கார்ந்து ‘பிரயோஜனமில்லை’ என்று கழற்றி வைப்பவர்களுக்கு இந்த ஒரு தகவல் போய்ச் சேர வேண்டும்.

இயர்பட்ஸ்

நாய்ஸ் கேன்சலேஷன் என்பது வெளி ஒலிக்கு எதிர் அலையை உருவாக்கி அழிப்பது. விமானம், பேருந்து, ஏசி மாதிரி சீராகவும் தாழ்வாகவும் ஓடும் இரைச்சலில் அது அருமையாக வேலை செய்யும். தாழ்ந்த இரைச்சல் தனக்கு மேலே இருக்கும் ஒலிகளையும் மூழ்கடிக்கக்கூடியது என்பதால் அதை நீக்குவது நல்ல லாபம். ஆனால் மனிதக் குரல்கள் மாறிக்கொண்டே இருப்பவை, அவற்றை எதிர் அலையால் பிடிப்பது கடினம். பக்கத்து மேஜைக்காரரும் உங்கள் நண்பரும் இயர்பட்ஸுக்கு ஒன்றுதான். கூட்டத்தில் உதவுவது கேன்சலேஷனைவிட, வெளி ஒலியை உள்ளே விட்டு முன்னிருப்பவரின் குரலைத் தூக்கிக் கொடுக்கும் வசதி. 2024 செப்டம்பரில் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., ஆப்பிளின் ஏர்பாட்ஸ் ப்ரோ 2 இயர்பட்ஸுக்கான காதுக் கருவி மென்பொருளை, லேசானது முதல் நடுத்தரம் வரையிலான பழுதுள்ள பெரியவர்களுக்கு அனுமதித்தது. அந்த வரம்புக்குள் இருப்பவருக்கு இது நல்ல தொடக்கம், கூச்சமும் குறைவு. நாள் முழுக்க அணிய பேட்டரி தாங்காது என்பதும், காது அடைத்துக்கொண்டால் சொந்தக் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும் என்பதும் இதன் குறைகள்.

காது கேட்கும் கருவி

ஆடியோகிராமில் பழுது தெரிகிறவர் இதைத் தள்ளிப்போடக் கூடாது. ஆனால் எதை எதிர்பார்க்கலாம் என்பது தெளிவாக இருக்க வேண்டும். ஒலியைப் பெரிதாக்குவது மட்டும் பேச்சுக்கும் இரைச்சலுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டாது, ஏனென்றால் இரண்டும் சேர்ந்தே பெரிதாகின்றன. பெரிதாக்குவதால் கிடைப்பது வேறு: கேட்காமல் போன ‘ஸ்’ஸும் ‘த்’தும் மறுபடி மூளைக்கு எட்டுகின்றன. அமைதியான அறையில் அதுவே பெரிய மாற்றம்.

கூட்டத்துக்கென்று கருவியில் இருப்பவை இரண்டு. முதலாவது, திசை மைக். ஒரே கருவியில் சுமார் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு மைக்குகள் இருக்கும். ஒலி ஒன்றை முந்தி மற்றொன்றைப் பிந்தி அடைவதை வைத்துப் பின்பக்க ஒலியைத் தணிக்கும். நிஜ அறைகளில் இதிலிருந்து இரண்டு முதல் ஐந்து டெசிபல் வரை எதிர்பார்க்கலாம். மேலே சொன்ன கணக்கின்படி அது கொஞ்சமல்ல. இரண்டாவது, இரைச்சல் குறைப்பு. பழைய வகை, ஒலியைப் பார்த்து ‘இது பேச்சு இல்லை’ என்று தோன்றும் பட்டைகளைத் தாழ்த்தும். இதனால் காதுக்கு இதமாக இருக்கும், களைப்பு குறையும், ஆனால் புரியும் சொற்களின் எண்ணிக்கையை இது பெரிதாகக் கூட்டியதில்லை. ஏராளமான ஒலி மாதிரிகளிலிருந்து கணினி தானே கற்கும் டீப் லேர்னிங் வந்த பிறகு நிலைமை மாறுகிறது. 2013-ல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் எரிக் ஹீலியும் டெலியாங் வாங்கும், அப்படிக் கற்ற நியூரல் நெட்வொர்க் என்ற நிரலால் பேச்சைப் பிரித்துக் கொடுத்தால் காது பழுதானவர்களுக்குப் புரிதலே கூடுவதைக் காட்டினார்கள். இப்போது அந்த வகை சிப்புகள் கருவிகளுக்குள்ளேயே வந்துவிட்டன.

ஆனால் எந்தச் சிப்புக்கும் தெரியாத ஒன்று உண்டு: நீங்கள் யாரைக் கேட்க விரும்புகிறீர்கள் என்பது. கருவி ‘முன்னால் இருப்பவர்’ என்று ஊகிக்கிறது. மேஜையின் இடது ஓரத்தில் ஒருவர் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அந்த ஊகம் தவறாகிறது. மூளை அலைகளிலிருந்து கவனத்தைப் படித்து அந்தக் குரலைத் தூக்கிக் கொடுக்கும் முயற்சிகள் நடக்கின்றன. அவை இன்னும் ஆய்வகத்தில்தான் இருக்கின்றன.

இங்கே ஒரு பேரமும் இருக்கிறது. இரண்டு காதுக் கருவிகளின் மைக்குகளையும் சேர்த்துக் குறுகிய ஒலிக்கற்றையாக்கினால் இரைச்சல் இன்னும் குறையும், ஆனால் இரண்டு காதுக்கும் கிட்டத்தட்ட ஒரே ஒலி போவதால் திசைத் துப்பு அழியும். ஒருவரை மட்டும் கேட்கும்போது அது லாபம், பலர் மாறி மாறிப் பேசும்போது நஷ்டம். ஆகவே எல்லா இடத்துக்கும் ஒரே அமைப்பை வைத்துக்கொள்ளாமல், தேவைப்படும்போது மட்டும் அதைப் போட்டுக்கொள்ளும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஒன்றா இரண்டா என்ற கேள்விக்கு என் பதில்: இரண்டு காதிலும் பழுது இருந்தால் இரண்டுதான். ஒன்றோடு நிறுத்தினால் செலவு பாதியாகும் என்பது உண்மை. ஆனால் கூட்டத்தில் பிரிக்கும் கணக்கே இரண்டு காதுகளுக்கு இடையில் நடக்கிறது. செலவைக் குறைத்தே ஆக வேண்டுமானால், விலை கூடிய ஒன்றைவிட எளிய மாடலில் இரண்டு மேல். வாங்கிய முதல் வாரத்தில் காகிதம் சரசரப்பதும் தட்டு மோதுவதும் எரிச்சலூட்டும். எது தேவையில்லாத ஒலி என்று மூளை மறுபடி பழகச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் முடிவெடுத்துவிடாதீர்கள்.

தனி மைக்

இந்த வழிக்குக் கிடைக்க வேண்டிய மதிப்பு கிடைப்பதில்லை என்பது என் ஆதங்கம். பேசுகிறவரின் சட்டையில் குத்திய சிறிய மைக், அவர் குரலை வயர்லெஸ்ஸில் நேராக உங்கள் கருவிக்கோ இயர்பட்ஸுக்கோ அனுப்புகிறது. வாயிலிருந்து 20 சென்டிமீட்டரில் மைக், இரண்டு மீட்டரில் நீங்கள் என்று வையுங்கள். தூரம் பத்து மடங்கு வித்தியாசம், நேராக வரும் ஒலிக்கு அது 20 டெசிபல். நடைமுறையில் அதில் பாதி கிடைத்தாலே, தலையில் மாட்டும் எந்தக் கருவியின் திசை மைக்கும் தருவதைவிட அதிகம். அறை எவ்வளவு எதிரொலித்தாலும் இது அசராது, ஏனென்றால் அறை கெடுப்பதற்கு முன்பே குரலைப் பிடித்துவிடுகிறது.

அதன் பலவீனமும் அங்கேயே இருக்கிறது. அது ஒரே வாயைத்தான் கேட்கிறது. வகுப்பறை, சொற்பொழிவு, காரில் பக்கத்து இருக்கை, உணவகத்தில் எதிரே துணைவர் என்றால் இதை மிஞ்ச ஒன்றுமில்லை. எட்டுப் பேர் ஒருவரை ஒருவர் மறித்துப் பேசும் மேஜையில் மைக்கைக் கைமாற்றிக்கொண்டே இருக்க முடியாது. மேஜை நடுவில் வைத்து எல்லாத் திசையும் கேட்கும் வகைகள் உண்டு, ஆனால் அப்போது வாய்க்கு அருகில் இருப்பது என்ற பெரிய லாபம் கரைந்துவிடும். மலிவாகச் சோதித்துப் பார்க்க வேண்டுமானால், சில போன்களில் போனையே மைக்காக்கி இயர்பட்ஸுக்கு அனுப்பும் வசதி இருக்கிறது. குரல் உதட்டசைவுக்குச் சற்றுப் பிந்தி வருகிறதா என்று மட்டும் பாருங்கள். பிந்தினால் முகம் தரும் உதவி குழம்பும்.

குழந்தைகளுக்கு நான் தயங்காமல் இதையே முதலில் சொல்வேன். இரைச்சலில் பேச்சைப் பிரிக்கும் திறன் பதின்ம வயதுவரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. விட்டுப்போன சொல்லை ஊகிக்கும் மொழியறிவும் அவர்களுக்கு இன்னும் சேரவில்லை. ஆசிரியர் குரல் இரைச்சலைவிட 15 டெசிபல் மேலே இருக்க வேண்டும் என்று செவித்திறன் வல்லுநர்கள் பரிந்துரைக்கிறார்கள். சாதாரண வகுப்பறையில் பின் பெஞ்சுக்கு அது எட்டுவதே இல்லை.

பயிற்சி

2016-ல் வெளியான யாருக்கு எது என்று குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஒரு பெரிய சமவாய்ப்புச் சோதனையில், காதுக் கருவி அணிந்தவர்களுக்கு லேஸ் என்ற கணினிப் பயிற்சியைக் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். வழக்கமான கவனிப்பைவிடக் கூடுதல் பலன் தெரியவில்லை. 2017-ல் டேனியல் போலியின் குழு, விளையாட்டு வடிவிலான ஒரு பயிற்சியால் இரைச்சலில் புரிதல் கூடியதைக் கண்டது. பயிற்சியை நிறுத்திய பிறகு அந்த முன்னேற்றம் நிலைக்கவில்லை. ஆகவே பயிற்சியைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம், கருவிக்குப் பதிலாக வைக்கக் கூடாது. பழக்கம் என்பது ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2013-ல் இங்க்ரிட் ஜான்ஸ்ரூடின் குழு, நீண்ட காலம் சேர்ந்து வாழும் துணையின் குரலை மற்றவர் பேச்சுக்கு நடுவே பிடிப்பது எளிது என்று காட்டியது. அதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, அதே குரல் பின்னணியில் இருந்தால் அதை ஒதுக்குவதும் எளிதாக இருந்தது என்பது. புதுக் கருவிக்குப் பழக, வீட்டார் குரலில் ஆரம்பித்து மெதுவாக அந்நியர்களிடம் போவதில் அர்த்தம் இருக்கிறது.

யாருக்கு எது

ஆடியோகிராம் சரியாக இருந்து கூட்டத்தில் மட்டும் திணறல் என்றால் முதலில் இருக்கையும் முகமும், அதற்கு மேல் முன்குரலைத் தூக்கும் இயர்பட்ஸ் அல்லது தனி மைக். பழுது தெரிந்தால் இரண்டு காதுக் கருவிகள், கூடவே தனி மைக்கோடு இணையும் வசதி. விலை உயர்ந்த கருவி மட்டும், அல்லது நடுத்தரக் கருவியோடு தனி மைக் என்ற இரண்டுக்கும் இடையில் தேர்ந்தெடுக்க நேர்ந்தால், ஒருவரோடு பேசுவதே பெரும்பாலும் தேவை என்பவருக்கு நான் இரண்டாவதைச் சொல்வேன். நாள்தோறும் பலர் பேசும் கூட்டங்களில் உட்கார வேண்டியவருக்கு நல்ல திசை மைக்கும் டீப் லேர்னிங் இரைச்சல் குறைப்பும் உள்ள கருவி மேல். ஒரு காது மட்டும் திடீரென்று, ஓரிரு நாளில், கேட்காமல் போனால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். அதற்கான சிகிச்சை முதல் சில நாட்களில் தொடங்கினால்தான் பலன் அதிகம்.

எதை எடுத்தாலும் திருப்பிக் கொடுக்கும் காலம் உள்ளதாக எடுங்கள். கடையின் அமைதியான அறையில் எல்லாமே நன்றாகத்தான் கேட்கும். வழக்கமாகத் திணறும் அதே இடத்துக்கு, அதே ஆட்களோடு, கூட்டம் அதிகமான நேரத்தில் போய், முதலில் கருவி இல்லாமலும் பிறகு கருவியோடும் கொஞ்ச நேரம் பேசிப் பாருங்கள். நடுவில் ஒரு முறை பேசுகிறவரின் முகத்தைப் பார்க்காமல் தட்டைப் பார்த்தபடி கேளுங்கள். அப்போதும் கருவியோடு புரிவது கூடுதலாக இருந்தால் கருவி வேலை செய்கிறது. தட்டைப் பார்த்தால் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை என்றால், அதுவரை உதவியது உங்கள் கண்கள். ஆடியாலஜிஸ்டிடம் திரும்பிப் போய் அமைப்பை மாற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் வேறொன்றைக் கேளுங்கள்.